எங்கள் மீன்கள் இறப்பதில்லை

அந்தக் கம்பெனியில் சேர்ந்த முதல் நாளே சொல்லிவிட்டார்கள், இங்கே 'செத்துப்போச்சு' என்ற சொல்லை வாயில் எடுக்கக் கூடாது என்று. ஒரு மீன் மல்லாந்து மிதந்தால் அதற்குத் 'தொடர்ச்சி தேவைப்படுகிறது'. மிதந்து இரண்டு நாளாகி, அறைக்குள் நுழையும்போதே மூக்கைப் பொத்த வேண்டியிருந்தால் 'தொடர்ச்சி அவசரமாகத் தேவைப்படுகிறது'. இதை ஓர் அட்டையில் அச்சடித்து, கழுத்தில் மாட்டிக்கொள்ள நாடாவும் கொடுத்தார்கள்.

அவனுக்கு அங்கே வாளி என்று பெயர். எப்போது பார்த்தாலும் இரண்டு கையிலும் வாளியோடு நின்றதால் வந்த பெயர். வீடுகளிலும் ஆபீசுகளிலும் இருக்கும் மீன்தொட்டிகளைப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை போய்ச் சுத்தம் செய்வது அவன் வேலை. குழாய் வைத்துக் கூழாங்கல் அழுக்கை உறிஞ்ச வேண்டும், கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்ட வேண்டும், மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும், கடைசியாக மீன்களை எண்ணிப் பதிவேட்டில் எழுத வேண்டும். கஷ்டமான வேலை இல்லை. கை எப்போதும் ஊறிப்போய் வெள்ளைவெளேரென்று இருக்கும், அவ்வளவுதான்.

ஊரில் மற்ற மீன் கம்பெனிக்காரர்கள் எல்லாம் மீன் வாங்கிய நாளிலிருந்து பதினாலு நாள் உத்தரவாதம் கொடுப்பார்கள். பதினைந்தாம் நாள் மீன் போனால் உன் பாடு. இந்தக் கம்பெனி அப்படி இல்லை. உத்தரவாதத்துக்குக் கெடுவே கிடையாது. 'எங்கள் மீன்கள் இறப்பதில்லை' என்று வேனின் பக்கவாட்டில், சட்டையின் முதுகில், ஆபீசில் டீ குடிக்கும் கோப்பையில் கூட எழுதியிருந்தது. கம்பெனி ஆரம்பித்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது. பதிவேட்டில் ஒரு சின்ன நீலக்கோட்டு மீனுக்கு வயது இருபத்திரண்டு, கம்பெனியைவிட நாலு வருஷம் மூத்தது.

எப்படி என்று கேட்டால், இரண்டு வாளி. ஒன்றுக்குக் கறுப்பு மூடி, ஒன்றுக்கு வெள்ளை மூடி. மிதக்கும் மீன் கறுப்பு மூடிக்குள் போகும். அதே நிறம், அதே அளவு, அதே முகவெட்டுள்ள இன்னொரு மீன் வெள்ளை மூடியிலிருந்து தொட்டிக்குள் வரும். வீட்டுக்காரர் பார்க்கக் கூடாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறோம். இவர்கள் தண்ணீரில் மறைத்தார்கள், அதுவும் கண்ணாடித் தொட்டியில்.

பயிற்சி கொடுத்தவர் உத்தரவாத அதிகாரி. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்பார்களே, அந்த வகை. எந்தக் கேள்வி கேட்டாலும் கைக்குள் நிற்க மாட்டார். குரல் மட்டும் பால் மாதிரி இருக்கும்.

"வாடிக்கையாளர் வாங்கறது மீனை இல்ல. மீன் இருக்குங்கற நிம்மதியை. மீனுக்கு உயிர் போகலாம், நிம்மதிக்கு உயிர் போகக் கூடாது. புரியுதா?"

"புரியுது சார். ஆனா அவங்க பக்கத்துலயே நின்னா எப்படி சார் மாத்தறது?"

"குடிக்கத் தண்ணி கேளு."

"தண்ணியா?"

"தண்ணி கேட்டா இல்லைன்னு சொல்ற மனுஷன் இன்னும் பொறக்கலை. உள்ளே போவாங்க. நாப்பது செகண்டு போதும். அவசரப்படாதே, காத்திரு. எந்த மனுஷனும் கடைசியில முதுகைத் திருப்பித்தான் ஆகணும்." அதிகாரி இதைச் சொல்லிவிட்டு, தானே ரசித்துத் தலையாட்டிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து இதை மனைவியிடம் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் ஒரு பேக்கரியில் விடியற்காலை வேலைக்குப் போகிறவள், மதியமே வீட்டுக்கு வந்துவிடுவாள். உடம்பிலிருந்து எப்போதும் ரொட்டி வாசனை வரும். அவன் உடம்பிலிருந்து பாசி வாசனை. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இரண்டும் கலந்து அந்த வீட்டுக்கென்று ஒரு வாசனை வந்திருந்தது.

"தண்ணிக்குள்ளேயே கிடக்கிற ஆளு தண்ணி கேட்டா, நம்பிக் கொடுக்கறாங்களா?"

"கொடுக்கறாங்களே. இன்னைக்கு மட்டும் ஆறு டம்ளர். வயிறு தொட்டி மாதிரி ஆடுது."

"நல்ல வசதிங்க இது. எனக்கும் இப்படி ஒண்ணு மாத்திக் கொடுப்பாங்களான்னு கேளுங்களேன். குறட்டை விடாததா. வாசல்ல காலைத் துடைச்சுட்டு உள்ளே வர்றதா. டம்ளரைக் கழுவி வைக்கிறதா."

"அப்படி ஒரு ஜாதி மீனே கிடையாது," என்றான் அவன், ஈரச் சப்பாத்தோடு தரையெல்லாம் தடம் பதித்தபடி.

தையல்கார அக்காவின் வீடு அவன் பட்டியலில் வியாழக்கிழமை. முன்னறைதான் அவள் கடை. தையல் மிஷின், துணி மேஜை, மேஜை ஓரத்தில் தொட்டி. தொட்டிக்குள் ஒரே ஒரு தங்கமீன். கை அகலம் இருக்கும். இடது செவுளில் மட்டும் வெள்ளையாக ஒரு திட்டு. பெயர் மாப்பிள்ளை.

"சாப்பாடு போட்டா முகத்தைத் திருப்பிக்குவான், போடலைன்னா கோவிச்சுக்குவான். வேற என்ன பேரு வைக்கறது தம்பி?" என்பாள் அக்கா. தனியாக இருப்பவள். இடது கைக்காரி. அவளுக்கென்று தனியாகச் செய்த இடது கைக் கத்தரிக்கோல் ஒன்று வைத்திருந்தாள், யாரையும் தொடவிட மாட்டாள். துணி வெட்டி முடித்தவுடன்தான் மீனுக்குத் தீனி போடுவாள். அதனால் கத்தரிக்கோல் சத்தம் கேட்டால் போதும், மாப்பிள்ளை எங்கிருந்தாலும் வாலை ஆட்டிக்கொண்டு கண்ணாடிக்கு வந்து நிற்பான். நாலு வருஷப் பழக்கம்.

அந்த வியாழக்கிழமை மாப்பிள்ளை வடிகட்டிப் பெட்டிக்குப் பின்னால், செருகி வைத்த துணி மாதிரி அசையாமல் இருந்தான். அக்கா அப்போதுதான் ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள், பார்த்திருக்கவில்லை.

"அக்கா, கொஞ்சம் குடிக்கத் தண்ணி கிடைக்குமா?"

அக்கா உள்ளே போனாள். வேனுக்கு ஓடினான். வேனில் வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் மாற்று தயாராக இருக்கும். கறுப்பு மூடி, வெள்ளை மூடி, முப்பத்தைந்து செகண்டு. அக்கா டம்ளரோடு வரும்போது அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அவள் டம்ளரை நீட்டினாள். தொட்டியைப் பார்த்தாள். நீட்டிய கை அப்படியே நின்றது.

"இவன் யாரு?"

"மாப்பிள்ளைதான்க்கா."

"மாப்பிள்ளைக்குத் திட்டு இடது பக்கம். இவனுக்கு வலது பக்கம்."

அவன் குனிந்து பார்த்தான். அவள் சொன்னது சரி. காரணமும் அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது. எல்லா மீனையும் முகத்துக்கு நேராகப் படமெடுத்துக் கிடங்குக்கு அனுப்ப வேண்டும் என்பது கம்பெனி விதி. கிடங்கில் இருப்பவர் படத்தில் எந்தப் பக்கம் தெரிகிறதோ அந்தப் பக்கத்தையே சீட்டில் எழுதுவார். எதிரே நிற்பவனின் இடது கை நமக்கு வலது பக்கம் தெரியும் என்பது பதினெட்டு வருஷமாக அங்கே யாருக்கும் உறைக்கவில்லை. நம்மில் எத்தனை பேர் மீனின் இடது வலதெல்லாம் பார்க்கிறோம்? ஆனால் இவள் நூல் பிசகினால் பிரித்துத் தைக்கிறவள்.

அக்கா கத்தரிக்கோலை எடுத்துக் கண்ணாடியருகே இரண்டு முறை வெட்டிக் காட்டினாள். க்ளிக், க்ளிக். புது மீன் திரும்பிக் கூடப் பார்க்கவில்லை.

"செத்துட்டானா?" என்றாள். குரலில் கோபம் இல்லை. "சொல்லிடு தம்பி. ஒரு பாட்டம் அழுதுட்டு என் வேலையைப் பார்ப்பேன். இப்படி ஒருத்தனைக் கொண்டுவந்து நிறுத்தினா நான் யாருக்காக அழறது?"

அவன் கழுத்து அட்டையைப் பார்த்தான். 'தொடர்ச்சி' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். நுணலும் தன் வாயால் கெடும்.

"செத்துட்டான்க்கா," என்றான்.

அதோடு விட்டானா? கறுப்பு மூடியைத் திறந்து மாப்பிள்ளையை அவள் கையிலேயே கொடுத்தான். அவள் சிவப்பு வெல்வெட் துண்டு ஒன்றைச் சதுரமாக வெட்டி, அதில் அவனைச் சுற்றி, வாசல் பூந்தொட்டியில் புதைத்தாள். அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு ரவிக்கைக்கு மூன்றாவது கொக்கியை வைத்தாள். அவன் பதிவேட்டில் அன்று உண்மையை எழுதினான்: 'தங்கமீன் ஒன்று. இறந்தது.'

மறுநாள் காலை ஆபீசுக்குள் நுழைந்தபோது எல்லாரும் எழுந்து நின்றிருந்தார்கள். யாரும் அவனைப் பார்க்கவில்லை. அதிகாரியின் மேஜையில் அந்தப் பதிவேடு திறந்து கிடந்தது, 'இறந்தது' என்ற சொல்லின் மேல் ஒரு வெள்ளைக் காகிதத் துண்டை மூடி வைத்திருந்தார்கள்.

"உட்காருப்பா," என்றார் அதிகாரி. பால் குரல். "நேத்து சாயங்காலம் வரைக்கும் நம்மகிட்ட நாலாயிரத்து முந்நூத்துப் பன்னிரண்டு மீன் இருந்தது. எல்லாம் இறக்காத மீன். நீ ஒண்ணே ஒண்ணுக்கு அப்படி எழுதிட்டே. இப்போ மிச்சமெல்லாம் என்ன ஆச்சு தெரியுமா? இன்னும் இறக்காத மீன் ஆயிடுச்சு. 'இன்னும்'. அந்த ஒரு வார்த்தையை நான் வேன்ல எழுத முடியுமா?"

"சார், அந்த அக்கா கண்டுபிடிச்சுட்டாங்க. திட்டு பக்கம் மாறியிருக்கு. கிடங்குல இடது வலது தப்பா எழுதறாங்க சார்."

"தப்பு இல்ல. முறை. பதினெட்டு வருஷமா இதுதான் முறை. ஒரே பக்கமா மாறினா அது தப்பாகாது, அதுக்குப் பேரு ஒழுங்கு." அவர் சாய்ந்து உட்கார்ந்தார். "பார், வித்தியாசம் மீன்ல இல்ல. மீன் சரியாத்தான் போயிருக்கு. வித்தியாசம் அதைப் பார்த்தவங்ககிட்ட இருக்கு. கண்டுபிடிக்கற வாடிக்கையாளருக்குத்தான் தொடர்ச்சி தேவைப்படுது."

அவன் சிரித்தான். அதிகாரி நகைச்சுவைக்குச் சொல்கிறார் என்று நினைத்தான். அறையில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

பிறகு அவனைச் சுவரோரம் நிறுத்தி ஒரு படம் எடுத்தார்கள். முகத்துக்கு நேராக. அவன் இடது புருவத்தில் ஒரு பழைய தழும்பு உண்டு. படமெடுத்தவர் அதற்காக விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்து இன்னொன்றும் எடுத்தார்.

"இது எதுக்கு சார்?"

"உத்தரவாதத்தை விரிவுபடுத்தறோம்," என்றார் அதிகாரி. "மீனோட நிறுத்திக்கறது நியாயம் இல்லையே?"

பதினைந்து நாள் கழித்து மறுபடியும் அவன் தையல்கார அக்காவின் வீட்டுக்குப் போனான். மனதுக்குள் ஒரு சின்ன பயம் இருந்தது, ஆனால் வாசலில் மிஷின் ஓடும் சத்தம் கேட்டதும் போய்விட்டது. அதே மூக்குக்கண்ணாடி, அதே கொண்டை, கழுத்தைச் சுற்றி அதே அளவு நாடா.

"வா தம்பி. மாப்பிள்ளை நல்லா இருக்கான். ஒரு குறையும் இல்ல."

"என்னக்கா, பழகிட்டானா?"

"பழகறதா? நாலு வருஷமா இங்கதானே இருக்கான்."

அவள் சிரித்தபடி கத்தரிக்கோலை எடுத்து இரண்டு முறை வெட்டிக் காட்டினாள். மீன் ஓடி வந்து கண்ணாடியில் நின்றது. அவளைப் பார்த்தபடி ஒரே இடத்தில் துடுப்பை அசைத்தது. எல்லாம் சரியாக இருந்தது. கத்தரிக்கோல் மட்டும் அவள் வலது கையில் இருந்தது.

அவன் குனிந்தான். மேஜையின் கீழே பார்த்தான். இடது கைக் கத்தரிக்கோல் குப்பைக் கூடையில், துணித் துண்டுகளுக்கு நடுவே கிடந்தது. வெளியே வந்து பூந்தொட்டியைப் பார்த்தான். மண் புதிதாகக் கொத்திச் சமப்படுத்தப்பட்டிருந்தது. விளிம்பில் ஒரு நூலிழை அகலத்துக்குச் சிவப்பு வெல்வெட்.

"அக்கா," என்றான் வாசலில் நின்றபடி. "நீங்க எந்தக் கைக்காரிக்கா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு சட்டைப் பையில் எதையோ தேடுகிறவள் போல ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு சின்னச் சீட்டை எடுத்துப் பார்த்துக்கொண்டாள்.

"வலது," என்றாள். "குடிக்கத் தண்ணி வேணுமா தம்பி?"

தொட்டியைச் சுத்தம் செய்யாமலே அவன் வேனை ஆபீசுக்கு விரட்டினான். அதிகாரியின் அறைக் கதவைத் தட்டக் கூட இல்லை.

"அந்த அக்கா எங்கே சார்?"

"வீட்லதான். பதிவேட்டைப் பாரு. வாடிக்கையாளர் ஒண்ணு, மீன் ஒண்ணு, குறை இல்லை."

"நான் கேக்கறது இருந்த அக்காவை!"

"நீ ரொம்ப வெளுத்துப் போயிருக்கே," என்றார் அதிகாரி அக்கறையாக. மணியை அடித்தார். மீன் பரிசோதகர் வந்தார், வெள்ளை அங்கியும் கையில் பூதக்கண்ணாடியுமாக. அவன் காதை மடக்கிப் பின்பக்கம் பார்த்தார்.

"செவுள்?" என்றார் அதிகாரி.

"இல்லை சார்."

"இல்லைன்னு எழுதிக்குங்க. வேற?"

"நிறம் மங்கல். மூச்சு வேகம். கூட்டத்தை விட்டுத் தனியா ஒதுங்குது. தீனியில கவனம் இல்லை."

"பதினாலு நாள் தனித்தொட்டி," என்றார் அதிகாரி.

தனித்தொட்டி என்றால் கிடங்குக்குப் பக்கத்தில் ஓர் அறை. நாலு பக்கமும் கண்ணாடி, ஒரு பெஞ்சு, நீல பல்பு. புதிதாக வரும் மீன்களை நோய் இருக்கிறதா என்று பார்க்கப் பிரித்து வைக்கும் வழக்கம் எல்லாக் கம்பெனியிலும் உண்டு. இந்தக் கம்பெனியில் அறையாக்கி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். கொஞ்ச நேரத்தில் ஒருவர் வந்து பிஸ்கட்டை நுணுக்கி மேல் சந்து வழியாகத் தூவினார். இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கும் அளவு. அதற்கு மேல் போட்டால் தண்ணீர் கெட்டுவிடும் என்பது விதி. கையில் கடிகாரத்தோடு நின்று பார்த்து, மிச்சத்தைக் கூட்டி எடுத்துக்கொண்டு போனார்.

"என் வீட்ல தேடுவாங்க!" என்று கண்ணாடியைத் தட்டினான்.

அதிகாரி வெளியிலிருந்து கனிவாகத் தலையசைத்தார். "தட்டாதே. தொட்டியைத் தட்டக் கூடாதுன்னு உனக்கே தெரியும். வீட்டைப் பத்திக் கவலைப்படாதே. ஒரு குறையும் தெரியாது. அதுக்குத்தானே உத்தரவாதம்?"

அவருக்குப் பின்னால் ஒருவன் நடந்து போனான். அவன் உயரம், அவன் நடை, அவன் சட்டை. இரண்டு கையிலும் வாளி. கண்ணாடி வழியாகப் பார்த்து மரியாதையாகச் சிரித்தான். வலது புருவத்தில் புதிதாகக் கத்தரித்த ஒரு தழும்பு, ஓரத்தில் இன்னும் சிவப்பு ஆறவில்லை.

"வணக்கம்," என்றான் அந்த ஆள். "நான்தான் வாளி."

அவன் தப்பித்தது ஒரு கம்பெனி விதியால்தான். மதியம் மூன்று மணிக்கு மீன் லாரி வந்தது. தண்ணீர்ப் பைகளை எண்ணும்போது யாரும் தலை தூக்கக் கூடாது. தூக்கினால் எண்ணிக்கை விட்டுப்போகும், விட்டுப்போனால் முதலிலிருந்து எண்ண வேண்டும். பிஸ்கட்காரர், பரிசோதகர், அதிகாரி உட்பட அத்தனை பேரும் கிடங்கு வாசலில் குனிந்து நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். தனித்தொட்டிக்குப் பூட்டு கிடையாது. மீன் எதற்குக் கதவைத் திறக்கப் போகிறது? அவன் திறந்தான். அவர்கள் நடுவே, ஒவ்வொரு முதுகாகத் தாண்டி நடந்தான்.

"இருநூத்து நாப்பத்தொண்ணு," என்றார் அதிகாரி அவன் சப்பாத்தைப் பார்த்தபடி. "இருநூத்து நாப்பத்திரண்டு."

தெருவுக்கு வந்ததும் ஓடினான். பஸ் ஏறவில்லை, பாதி வழியில் மூச்சு வாங்கியபோது கூட நிற்கவில்லை. அவன் கண் முன்னால் ஒரே காட்சிதான்: வீட்டு வாசலில் ஒரு ஆள் நன்றாகக் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போகிறான். அவள் கேட்டதெல்லாம் உள்ள ஆள். அவள் ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்?

இன்னும் வெயில் இறங்கவில்லை. கதவு சாத்தியிருந்தது. தட்டினான்.

"யாரு?"

"நான்தான்."

"அப்படித்தான் அவனும் சொன்னான். கொஞ்சம் சன்னல்கிட்ட வாங்க."

சன்னல் திறந்தது. அவள் கையில் துடைப்பம் இருந்தது. அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள், கையை நீட்டி இடது புருவத்தைத் தடவினாள், குனிந்து அவன் சப்பாத்தைப் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்தாள். அவன் தரையெல்லாம் சேறாக்கிக்கொண்டு உள்ளே வந்தான். அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"வந்தானா?" என்றான்.

"வந்தான். காலைத் துடைச்சான். பையை ஆணியில மாட்டினான். டீ கொடுத்தேன், டம்ளரைக் கழுவிக் கவுத்து வெச்சான். அப்பவே எனக்குச் சந்தேகம். 'இன்னைக்கு உன் நாள் எப்படிம்மா போச்சு'ன்னு கேட்டான் பாருங்க, அங்கதான் முடிவு பண்ணிட்டேன். ஒன்பது வருஷத்துல ஒரு நாள் கேட்டிருக்கீங்களா நீங்க?"

"கேட்டதில்ல."

"அப்புறம் தழும்பைப் பார்த்தேன். அலமாரிக் கதவைத் திறந்து உங்க மண்டையை உடைச்சவ நான். எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாதா? துடைப்பத்தை எடுத்தேன்." மூக்கை உறிஞ்சினாள். "நல்ல மனுஷன்தாங்க. உங்களைவிட எவ்வளவோ மேல். ஆனா என் ஆளு இல்லையே."

அவன் அவளைக் கட்டிக்கொண்டான். ரொட்டி வாசனை. சமையலறையில் அவள் அவனுக்காக அடுப்பில் பால் வைத்திருந்தாள், லேசாகச் சூடேறும் சத்தம் கேட்டது.

"போகும்போது ஏதாவது சொன்னானா?"

"கோவிச்சுக்கவே இல்ல. ஒரு காகிதத்தை நீட்டினான். 'வித்தியாசம் தெரிந்ததா? ஆம், இல்லை'ன்னு இருந்தது. ஆம்னு போட்டு, அடியில ரெண்டு கோடும் இழுத்துக் கொடுத்தேன். சும்மா விடலாமா?"

அவன் கைகள் அவள் முதுகில் அப்படியே நின்றன.

"அப்புறம் என்னை ஒரு படம் எடுத்துக்கிட்டான்," என்றாள் அவள். "முகத்துக்கு நேரா."

அவள் முகவாயில் இடது பக்கம் ஒரு மச்சம் உண்டு. கடுகளவு. கல்யாணத்துக்கு முன்னால் பேக்கரிக் கண்ணாடிக்கு வெளியே நின்று அவன் நாள் கணக்காகப் பார்த்த மச்சம். அவன் அவள் தலைக்கு மேலாகச் சன்னலைப் பார்த்தான்.

தெருவோரம் வெள்ளை வேன் நின்றுகொண்டிருந்தது. எப்போது வந்ததோ, சத்தமே இல்லை. பக்கவாட்டில் எழுத்துகள் புதிதாக வர்ணம் பூசிப் பளிச்சென்று இருந்தன. பின்கதவுக்கு அருகே இரண்டு பெரிய மூடிகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன, ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. வேன் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இவள் சேலை, இவள் வகிடு. முகவாயில் வலது பக்கம் ஒரு புள்ளி. மடியில் ஒரு சீட்டை வைத்து, உதடு அசையப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்து இருக்கையில் அந்த நல்ல மனுஷன்.

கதவை யாரோ தட்டினார்கள். மென்மையாக, இரண்டு முறை.

"அம்மா," என்றது பால் குரல். "வெயில்ல வந்தோம். கொஞ்சம் குடிக்கத் தண்ணி கிடைக்குமா?"

அவள் இயல்பாகச் சமையலறைப் பக்கம் அரையடி திரும்பினாள். அவன் அவள் இரண்டு கையையும் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"போகாதே. என்னையே பாரு. நான் உன்னையே பார்க்கறேன். ரெண்டு பேரும் திரும்பக் கூடாது."

அவளுக்குப் புரிந்தது. முகம் வெளிறியது, ஆனால் குரல் வெளிறவில்லை. "வீட்ல தண்ணி இல்லைங்க!" என்று கதவைப் பார்க்காமலே கத்தினாள்.

தண்ணீர் கேட்டு இல்லை என்று சொன்ன முதல் வீடு அதுவாகத்தான் இருக்கும்.

"பரவாயில்லைம்மா," என்றது குரல். "வந்ததும் கொடுங்க. எங்களுக்கு அவசரம் இல்லை."

இருவரும் கையைக் கோத்துக்கொண்டு எதிரெதிரே நின்றார்கள். ஒன்பது வருஷத்தில் இவ்வளவு நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. அவள் நெற்றியோரம் ஒரு நரை வந்திருந்ததை அவன் இன்றுதான் கவனித்தான். உள்ளே பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, கருகிய வாசனை வீடெல்லாம் பரவியது. அணைக்க யாரும் போகவில்லை.

"இன்னைக்கு உன் நாள் எப்படிப் போச்சு?" என்று கேட்டான் அவன்.

அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததில் கண்ணில் நீர் நிறைந்து கரித்தது.

"கண்ணு எரியுதுங்க. இமைக்கலாமா?"

"நீ இமைச்சுக்கோ," என்றான். "நான் பார்த்துக்கிட்டு இருக்கேன். அப்புறம் நீ பாரு."